குடிநோயும் சாதியும்: பழிக்கும் மௌனத்துக்கும் அப்பால் மீட்சியின் அரசியல்

2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் ஒரே தெருவின் பல வீடுகளுக்கு முன் ஒரே நாளில் சாவுப் பந்தல் போடப்பட்டது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றெரிச்சலோடும் மங்கிய பார்வையோடும் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நான்கு ஊர்களின் மருத்துவமனைகளிலும் மரணங்கள் தொடர்ந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் உண்டு. மாண்டவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். சுமை தூக்கியும் கிடைத்த கூலி வேலையைச் செய்தும் வாழ்ந்தவர்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் அந்தச் சாராயம் விற்கப்பட்டது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அந்த மரணங்கள் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டிருந்தால் கருணாபுரம் நடந்திருக்காது.

கருணாபுரத்துக்குப் பிறகு அரசு இயந்திரம் வேகமாக இயங்கியது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே மாத இறுதியில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. மாண்டோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்போடு இன்னொரு குரலும் எழுந்தது. குடித்துச் செத்தவனுக்கு எதற்கு மக்கள் வரிப்பணம் என்று சமூக ஊடகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதைக் கேட்டவர்களுக்கு மட்டுமன்றி, அதைக் கேட்டுத் தலைகுனிந்து மௌனமான நமக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பழியும் மௌனமும்

ஊர்த்தெருக்காரர் குடித்தால் அது அவருடைய பழக்கம்; சேரிக்காரர் குடித்தால் அது அவருடைய சாதி. இந்த நாட்டில் மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரட்டை அளவுகோலோடுதான் நடக்கிறது. நட்சத்திர விடுதியின் மதுக்கூடத்தில் குடிப்பவரின் சாதியை எவரும் விசாரிப்பதில்லை. காலனி முனையில் விழுந்து கிடப்பவரைக் காட்டி ஒரு சமூகத்தையே எடைபோடத் தயங்குவதில்லை. கூலி உயர்வு கேட்டாலும் பட்டா நிலம் கேட்டாலும் கல்வி உதவித்தொகை கேட்டாலும், கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற ஒரே விடை தயாராக இருக்கிறது.

இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே, குடியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதைத் தலித் இயக்கங்கள் பல வேளைகளில் தவிர்த்து வந்துள்ளன. நம் வீட்டுத் துயரத்தை மேடையில் பேசினால் அது எதிரியின் கையில் ஆயுதமாகும் என்ற எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? கணவனிடம் அடிவாங்கும் பெண் கொடுக்கிறாள். மகளிர் குழுக் கடனையும் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணையையும் தன் ஒற்றைக் கூலியில் அடைக்கும் தாய் கொடுக்கிறாள். பள்ளியை விட்டு நின்று செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளை கொடுக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டும் போக்கு தெளிவானது. நாட்டில் மது அருந்தும் ஆண்களின் விகிதம் ஏழ்மை கூடக் கூட உயர்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களிடையே அது மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். இந்த உண்மையை மறைப்பதால் பயனில்லை. இதற்கு யார் விளக்கம் சொல்கிறார்கள் என்பதே அரசியல். ஆதிக்கச் சாதி இதை நம் குணம் என்கிறது. நாம் இதை நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்று நிறுவ வேண்டும். அதைக் களையும் உரிமையையும் கேட்க வேண்டும்.

கூலியாக ஊற்றப்பட்ட சாராயம்

சேரிக்குள் சாராயம் எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் சாதித் தொழில்களின் பட்டியல் கண்முன் வரும். இழவு சொல்லப் போதல், பாடை கட்டுதல், குழி வெட்டுதல், பிணம் எரித்தல், சாவுக்குப் பறையடித்தல், செத்த மாட்டைத் தூக்குதல். இவை ஒவ்வொன்றுக்கும் காசோடு சாராயமும் கூலியின் பகுதியாகக் கொடுக்கப்பட்டது. விடிய விடிய எரியும் பிணத்தின் பக்கத்தில் நிற்க வேண்டியவனுக்கு ஊர் கொடுத்தது மரியாதையை அன்று, ஒரு குப்பி சாராயத்தை. எந்த வேலையைச் செய்ய ஊர் அருவருத்ததோ, அந்த வேலையின் அருவருப்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தாக அது பயன்பட்டது. பிறகு அந்த மருந்தைக் குடித்ததற்காக அவனையே ஊர் இழிவு செய்தது.

இது பழங்கதை அன்று. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறங்கும் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். குடிக்காமல் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாது என்பார். மலக்குழி மரணங்களைப் பதிவு செய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வெளிவந்தபோது, நகரங்களின் தூய்மை யாருடைய உடலை எரித்துப் பெறப்படுகிறது என்பது பொதுவெளிக்குத் தெரிந்தது. கையால் மலம் அள்ளும் பணிக்கான தடைச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. மரணத்துக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் மனிதர்கள் இறங்குவது நிற்கவில்லை. அவர்களிடம் போய் மதுவின் தீமை பற்றி விளக்கக் கூட்டம் நடத்துவது கேலிக்கூத்து. தொட்டிக்குள் இயந்திரத்தை இறக்குவதே அவருக்கான முதல் மதுவிலக்குப் பிரச்சாரம்.

இதைப் போன்றதே சுமை தூக்குவோர், கரும்பு வெட்டுவோர், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்போர் ஆகியோரின் நிலையும். நாள் முழுதும் உடலை அடகு வைத்தவருக்கு இரவில் வலி இருக்கிறது. வலிக்கு மருத்துவம் இல்லை. அருகில் கடை இருக்கிறது. நூலகமோ விளையாட்டுத் திடலோ நாலு பேர் கூடிப் பேச ஒரு திண்ணையோ காலனியில் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு சேரி ஆண்கள் கூடுவதற்கு இந்தச் சமூகம் விட்டுவைத்திருக்கும் ஒரே பொதுவிடம் டாஸ்மாக் பார். அங்கும் சில ஊர்களில் சாதி பார்த்தே உட்கார வேண்டும்.

கடையும் கருவூலமும்

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983-இல் தொடங்கப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் முழுமையாக அதன் கைக்கு வந்தது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1971-இல் அதைத் தளர்த்தி, மீண்டும் கொண்டுவந்து, 1981-இல் மறுபடி கடைகளைத் திறந்த நீண்ட ஊசலாட்டத்தின் முடிவில் அரசே கல்லாவில் அமர்ந்தது. மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 2023-24-இல் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2024-25-இல் 48 ஆயிரம் கோடியைத் தாண்டியது. நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஏழையின் கூலியிலிருந்து நாள்தோறும் எடுக்கப்படும் பணத்தில் ஒரு பகுதி, மாதம் ஒருமுறை அவன் மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது. இடையில் அவன் கல்லீரல் போய்விடுகிறது.

கடை எங்கே இருக்கிறது என்பதும் சாதிக் கேள்வியே. சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கல்வி நிலையமோ வழிபாட்டுத் தலமோ இருந்தால் கடை வைக்கக் கூடாது. மனிதர் வசிக்கும் வீடுகளுக்கு அத்தகைய தூரக் கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்தையும் பெரிய கோயிலையும் ஊர்த்தெருவில் வைத்துக்கொண்ட கிராம அமைப்பில், இந்த விதி கடையை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை அறிய வரைபடம் தேவையில்லை.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. 2017 ஏப்ரலில் மூடப்பட்ட கடைகளுக்கு மாற்றிடம் தேடி அதிகாரிகள் குடியிருப்புகளுக்குள் வந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் தமிழ்நாட்டுப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை உயரதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதற்கு ஈராண்டுக்கு முன், 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். 2023 ஜூனில் அரசு 500 கடைகளை மூடியது. இன்னும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன.

முழு மதுவிலக்கே தீர்வு என்று உடனே சொல்லிவிடலாம். அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவும் மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்றே சொல்கிறது. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மது, போதைப்பொருள் ஒழிப்பு மகளிர் மாநாடு இக்கோரிக்கையை மீண்டும் நாட்டின் முன் வைத்தது. ஆனால் பீகாரையும் நாம் பார்க்க வேண்டும். அங்கே 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு இருக்கிறது. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயத்தால் எளிய மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டபோது, குடித்தால் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் அன்றைய முதலமைச்சரே பேசினார். இழப்பீடு தர அரசு இணங்கியது அடுத்த ஆண்டில்தான். மதுவிலக்குச் சட்டத்தின் கொடுமையை ஏழைகளே அனுபவிக்கிறார்கள் என்று பாட்னா உயர் நீதிமன்றம் 2024-இல் சுட்டிக்காட்டியது. கடத்துகிறவன் தப்புகிறான், குடித்தவனும் பொட்டலம் சுமந்தவனும் சிறைக்குப் போகிறார்கள். கடையை மூடும் சட்டம் நமக்கு வேண்டும். ஆனால் அது குடிநோயாளியின் மீது காவலரை ஏவும் சட்டமாக மாறினால், அதன் முதல் பலியும் சேரியாகவே இருக்கும்.

போர்க்களத்துக்கே திரும்பும் மனிதர்

குடி ஒரு கட்டத்துக்குப் பிறகு நோய். ஆண்டுக்கணக்கில் குடித்த உடல் மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மனவுறுதி இருந்தால் நிறுத்திவிடலாம் என்ற அறிவுரை இதனால்தான் பயனற்றது. மருத்துவக் கண்காணிப்பு தேவை. 2017-இன் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதாவது குடிநோயாளிக்குச் சிகிச்சை பெறும் உரிமை சட்டப்படியே இருக்கிறது.

நடைமுறை என்ன? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் ஐந்தரைக் கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையானோரில் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தவர் 38 பேருக்கு ஒருவர்; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். அந்த ஒருவராகக் கருணாபுரத்துச் சுமைத் தொழிலாளி இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அரசு மையங்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. படுக்கையில் கிடந்தால் அன்றாடக் கூலி போய்விடுகிறது. தனியார் மறுவாழ்வு மையங்கள் பல்லாயிரம் கேட்கின்றன. அவற்றுள் சில, சிகிச்சை என்ற பெயரில் மனிதரைக் கட்டிப்போட்டு அடிப்பதாகச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சங்கிலியால் கட்டுவதை மேற்சொன்ன சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது.

சிகிச்சை கிடைத்துவிட்டாலும் கதை முடிவதில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் 1970-களில் செய்த ஆய்வு இங்கே உதவும். போர்க்களத்தில் அவ்வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் வீடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் இருபதில் ஒருவர் அளவே. பொருளின் வலிமை அப்படியே இருந்தது, சூழல் மாறியது, பெரும்பாலோர் மீண்டார்கள்.

நம் நிலைமை இதற்கு நேர் எதிரானது. சேரி மனிதர் சிகிச்சை முடிந்து அமைதியான வேறோர் ஊருக்குப் போவதில்லை. அதே சாக்கடைக்கும் அதே சூளைக்கும் அதே கந்துவட்டிக்கும், தெருமுனையில் இருக்கும் அதே கடைக்கும் திரும்புகிறார். அவருக்குப் போர்க்களமே ஊர். அவர் மீண்டும் குடித்துவிட்டால், திருந்தாத ஜென்மம் என்கிறோம். திருந்த வேண்டிய சூழலைத் திருத்தாமல் விட்டது நம் கண்ணில் படுவதில்லை.

‘சாமி’ என்று அழைக்கப்பட்டவர்

குடியை நிறுத்த நம் மக்கள் தாமாகக் கண்டுபிடித்த வழிகளைக் கவனித்தால் ஒரு பாடம் கிடைக்கும். மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிப்பதில்லை. பத்தாண்டுகளாகக் குடித்தவரும் அந்த 48 நாள் குளித்து, குறித்த நேரத்தில் உண்டு, கூட்டத்தோடு பாடி நடக்கிறார். வேறு சிலர் கோயிலிலோ தர்காவிலோ கயிறு கட்டிக்கொள்கிறார்கள். காலனிக்குள் வந்த சிறு சபைகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னபின் குடியை விட்டவர்களும் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், முகம் சுளிக்காத மனிதர்கள் நடுவே, இன்று ஒருநாள் குடிக்கவில்லை என்று சொல்லி நிமிர்கிறவர்களும் உண்டு.

நம்பிக்கைகள் வேறு வேறு. ஆனால் இவை அனைத்திலும் பொதுவாக இருப்பவை சில. மாலைப் பொழுதில் போக ஓரிடம் கிடைக்கிறது. குடிக்காத நண்பர் கூட்டம் கிடைக்கிறது. ஊர் அறியச் செய்த உறுதிமொழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மரியாதை கிடைக்கிறது. நேற்று வரை ‘டேய்’ என்று அழைக்கப்பட்டவர் மாலை போட்ட நாள் முதல் ‘சாமி’ ஆகிறார். அவர் மனைவியும் பிள்ளையும் முதலாளியும் அவரைச் சாமி என்றே அழைக்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் மீண்டும் ‘டேய்’. மீண்டும் கடை. மனிதர் மீள்வதற்கு மரியாதை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கும், சாதி அந்த மரியாதையை எவ்வளவு குறுகிய காலத்துக்கு மட்டுமே கடனாகத் தருகிறது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமா?

திரும்பப் பறிக்க முடியாத மரியாதையை நமக்குக் கற்பித்தவர்கள் சாதி எதிர்ப்பு மரபினர். பஞ்சசீலத்தில் ஒன்றான மதுவிலக்கத்தை அயோத்திதாசப் பண்டிதர் தம் பௌத்த மீட்டெடுப்பின் பகுதியாக முன்வைத்தார். 1898-இல் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கமும் 1907 முதல் நடத்திய ‘தமிழன்’ இதழும், தாழ்த்தப்பட்டோர் இழிந்த பழக்கங்களோடு பிறந்தவர்கள் என்ற கதையை மறுத்து, அவர்கள் அறநெறி கொண்ட பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டன. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அது தனிமனிதனைக் குற்றவாளியாக்கும் உபதேசமாக இருக்கவில்லை. இந்து மதம் விதித்த இழிவைத் துறக்கும் அதே மூச்சில், அந்த இழிவைத் தாங்கிக்கொள்ளக் குடித்த மதுவையும் துறப்பதாக இருந்தது. ஒன்றை மட்டும் துறக்கச் சொல்லி மற்றொன்றை விட்டுவைக்கிற எந்த மதுவிலக்குப் பிரச்சாரமும் நமக்கு அந்நியமானதே.

கூடி மீண்ட அனுபவங்கள்

கூட்டாக மீள முடியும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வகுப்புகளுக்கு வந்த கிராமப் பெண்கள், சாராயத்தால் அழியும் குடும்பத்தைப் பற்றிய ஒரு பாடத்தைப் படித்தார்கள். படித்ததோடு நிற்கவில்லை. துபகுண்டா கிராமத்தில் ரோசம்மா முதலிய பெண்கள் 1992-இல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். தலித், பிற்படுத்தப்பட்ட விவசாயக் கூலிப் பெண்களின் அந்தப் போராட்டம் மாவட்டம் முழுவதும் பரவிச் சாராய ஏலத்தையே நிறுத்தியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அரசு அதைக் கைவிட்டது உண்மை. ஆனால் எழுத்தறிவும் கூடிப் பேசும் இடமும் கிடைத்தால் சேரிப் பெண்கள் என்ன செய்ய முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

மருத்துவத்திலும் இதற்கு இணையான அனுபவம் நம்மிடமே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. மருத்துவமனையினர் 1980-களின் இறுதியில் திருவாரூர் வட்டாரத்து மஞ்சக்குடியில் குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்தத் தொடங்கினர். நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் மருத்துவரும் ஆலோசகரும் கிராமத்துக்குச் சென்றார்கள். குடும்பமும் ஊர்ப் பெரியவர்களும் சிகிச்சையில் பங்கேற்றார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர் கவனிப்பு இருந்தது. இந்த அனுபவம் உலக அளவிலான மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மற்றொரு சான்று. மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மட்டுமீறிக் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரே விலகியிருந்தனர். மந்திர மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நூற்றில் பத்துக் குடும்பங்கள் கூடுதலாக மூச்சுவிடுகின்றன. அதற்குத் தேவைப்பட்டது, நோயாளியின் மொழியில் மரியாதையோடு பேசத் தெரிந்த ஒருவர்.

நாம் கேட்க வேண்டியவை

இவற்றிலிருந்து நம் கோரிக்கைகளைத் திட்டவட்டமாக வகுக்கலாம்.

முதலாவது, சிகிச்சை காலனிக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. குடிநோய்க்கு மட்டும் ஏன் வரவில்லை? 2025 பிப்ரவரியில் அரசு 25 இடங்களில் ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் திறந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவில்கூட அது போதாது. சேரியைச் சேர்ந்த இளைஞர்களையும், குடியிலிருந்து மீண்டவர்களையுமே ஊதியம் பெறும் ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமர்த்த வேண்டும். சிகிச்சை பெறும் நாள்களுக்குக் கூலி இழப்பீடு வழங்க வேண்டும்.

இரண்டாவது, கடைகளுக்கான தூர விதியில் மனிதர் குடியிருப்பும் சேர்க்கப்பட வேண்டும். கடை வேண்டாம் என்ற கிராமசபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். அந்தத் தீர்மானத்தில் சேரிப் பெண்களின் குரலுக்குத் தனி மதிப்பு வேண்டும்.

மூன்றாவது, மதுவைக் கூலியாகத் தரும் சாதித் தொழில் முறை ஒழிய வேண்டும். பிணத்தைச் சுமக்கவும் குழி வெட்டவும் பட்டியல் சாதியினரைப் பணிப்பது 2015-இன் திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். இந்தப் பிரிவை நம் வழக்குரைஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் ஊர் ஊராகக் கொண்டு செல்ல வேண்டும்.

நான்காவது, மாலை ஆறு மணிக்குப் போக ஓரிடம். பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கான தனிச்சட்டம் தமிழ்நாட்டில் 2024-இல் நிறைவேறியிருக்கிறது. அந்த நிதியில் காலனிதோறும் படிப்பகமும் விளையாட்டுத் திடலும் வர வேண்டும். அரசு தரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஓர் இரவுப் பாடசாலையை நடத்தக் கல்லூரி மாணவர் நான்கு பேர் போதும். கஞ்சாவும் வலி மாத்திரையும் நம் தெருப் பிள்ளைகளைத் தேடி வரும் காலத்தில், அந்தப் பிள்ளைகளைத் தேடி நாமும் போக வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நமக்கு நாமே வைத்துக்கொள்வது. இயக்க நிகழ்ச்சிகளிலும் தேர்தல் வேலைகளிலும் மது ஊற்றித் தொண்டர்களைத் திரட்டும் வழக்கத்தை, எவர் செய்தாலும், நாம் ஏற்கக் கூடாது. குடிநோயாளியான தோழரை ஒதுக்கிவைக்கவும் கூடாது. அவர் மீண்டும் விழுந்தால் மீண்டும் தூக்க வேண்டும். அதே வேளையில் அவருடைய வன்முறைக்கு ஆளான பெண்ணிடம், நோயாளிதானே, பொறுத்துக்கொள் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. நோய்க்குச் சிகிச்சை உண்டு. அடிக்குச் சட்டம் உண்டு. இரண்டையும் ஒருசேரச் சொல்லத் தெரிந்த இயக்கத்தைத்தான் பெண்கள் நம்புவார்கள்.

கருணாபுரத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் கல்விச் செலவும் 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அரசு அறிவித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வருவார்கள், படிப்பார்கள், ஒருநாள் தம் பெற்றோர் எதனால் செத்தார்கள் என்று கேட்பார்கள். குடித்துச் செத்தார்கள் என்ற ஒற்றைச் சொல்லை மட்டுமே அவர்களுக்கு விட்டுச் செல்லப் போகிறோமா? அந்தச் சாராயம் யார் காவலில் விற்கப்பட்டது, அந்தத் தெருவில் ஏன் விற்கப்பட்டது, அதைக் குடிக்கும் நிலைக்கு அவர்களின் உடலும் மனமும் எப்படிக் கொண்டுவரப்பட்டன என்ற முழு விடையையும் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்த விடையைத் திரட்டித் தருவது நம் கடமை. அதைவிடப் பெரிய கடமை, அடுத்த தெருவில் அந்தப் பந்தல் மீண்டும் போடப்படாமல் பார்த்துக்கொள்வது.